நாலாயிரம் ஹெர்ட்ஸ்

அல்சூரில், முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்கில்
எனக்கொரு கண்ணாடிப் பெட்டி உண்டு.
உள்ளே ஒருவர் உட்காரலாம்.
வெளியே நான், ஒரு குமிழ், ஒரு பொத்தான்.
"சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க."
தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம்,
இந்தியில் ஒரு தரம்.
பிறகு எந்த மொழியும் இல்லாத
ஒரு சின்ன 'கீ'.

டோக்கன் நாற்பத்தொன்று, நாயக் மாதையன்.
பாலக்கோட்டுக்காரர்.
மாரத்தஹள்ளியில் பதினெட்டு மாடிக் கட்டடத்துக்கு
இரவுக் காவல்.
சீருடையை மாற்ற நேரமில்லாமல் வந்திருந்தார்,
நெஞ்சில் கம்பெனியின் பெயர்.
முன்பு அங்கே வேறொன்று இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் விரல் தூக்கினார்.
நாய்கூடத் திரும்பாத சத்தத்துக்கும் தூக்கினார்.
சந்தேகம் வந்து
பொத்தானைத் தொடாமல்
தோளை மட்டும் அசைத்தேன்.

விரல் எழுந்தது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.
மருந்து அலமாரியின் கண்ணாடியில்
அவர் தெரிந்தார், அவருக்கு நான் தெரியவில்லை.
ஐம்பது. அறுபது. எழுபது.
விரல் தொடையின் மேலேயே கிடந்தது,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

வலது காதுக்குச் சிவப்பு வட்டம்,
இடது காதுக்கு நீலப் பெருக்கல்.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கோடு
பள்ளத்தில் விழுகிறது.
வலத் தோளில் துப்பாக்கி வைத்தவர்களுக்கு
இடப்பக்கம் இன்னும் ஆழம்.
இந்தப் பள்ளத்தைக் காலையில்தான் பார்த்தேன்,
கர்னல் பெலியப்பாவின் தாளில்.
ஒன்றின்மேல் ஒன்றை வைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
ஒரே கோடு.
தோளில் இருந்ததைக் காது படித்ததில்லை.

கர்னலுக்குப் போனில் நேரம் கொடுத்திருந்தோம்.
நல்ல மனிதர், எனக்கு நன்றி சொன்னார்.
அவருடைய கருவி போன மாதமே வந்துவிட்டது.
மாதையன் பெயரில் ஓர் எழுத்து
சர்வீஸ் புத்தகத்தில் ஒரு விதம், கார்டில் ஒரு விதம்.
கோப்பு மூன்று முறை போய், மூன்று முறை திரும்பியிருக்கிறது.
நான்காம் தாள் கேட்கிறது:
பணியால் வந்த பாதிப்பா, ஆதாரம் என்ன?

"ரோட்டுக்குப் பாறை வெடிச்சோம், மேடம்.
காதுல பஞ்சு வெச்சோம்.
பனியில பஞ்சு நனைஞ்சு போச்சு."
அதற்கு ரசீது இல்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து
இரண்டு காகிதங்களை எடுத்து மேஜையில் விரித்தார்.
ஒன்று பென்ஷன் ஆபீசுக்கு:
அதற்கு அவர் செவிடாக இருக்க வேண்டும்.
மற்றது காவல் கம்பெனிக்கு:
அதற்கு அவருக்குக் காது கேட்க வேண்டும்.
"பென்ஷன் காகிதம் எப்ப வருமோ.
கம்பெனி சனிக்கிழமை கேக்குறான்."

இருபத்திரண்டு வருடத்தில்
இப்படி ஒரு சோதனையை
நான் யாருக்கும் வைத்ததில்லை.

"மக போன்ல 'சரிப்பா'ன்னு சொன்னா
எனக்கு 'அரிப்பா'ன்னு விழுது" என்று சிரித்தார்.
பள்ளம் அங்கேதான்,
ச வாழும் இடத்தில்.

உள்ளதை உள்ளபடி எழுதினேன்.
ஒரே கோடு, ஒரே கையெழுத்து.
அடியில், படிவம் கேட்காத ஒரு வரி:
'வெடிச் சத்தத்தால் வரும் காதுகளில் காணும் வடிவம் இது.'
அதற்கு என்னை ஏதாவது கேட்பார்கள்.
கேட்கட்டும், எனக்குக் கேட்கிறது.
கம்பெனிக் காகிதத்தை அவர் திருப்பி மடித்து
வெறுமனே பைக்குள் வைத்துக்கொண்டார்.
என்ன செய்யப் போகிறார் என்று
நான் கேட்கவில்லை.

வெளியே மைக்கில் அடுத்த எண்.
"நாற்பத்திரண்டு."
"நாற்பத்திரண்டு, பன்னி."
"பயாலீஸ்."
பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை.
காது கேட்காதவர்களை
ஒலிபெருக்கியில் கூப்பிடும் ஊர் இது.

எழுந்து போனேன்.
ஒவ்வொரு தோளாகத் தொட்டு
விரல்களால் நாலும் இரண்டும் காட்டினேன்.
கடைசித் தோளுக்கு எண்ணே இல்லை.
ஒன்பதாவது வருடத்தில் முட்டி உடைந்து
வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், கார்டு கிடையாது.
மின்விசிறிக்குக் கீழே
சும்மா உட்காரத்தான் வருவாராம்.

பெட்டியின் கதவு திறந்தே இருந்தது.
மணி ஒன்று. சாப்பாட்டு நேரம்.
"வாங்க" என்றேன்,
அவர் என் உதடுகளைப் பார்த்தார்.