இல்லைக்கு அறுபது வினாடி

நூக்கிலிருந்து கடிதம் வந்திருந்தது,
அந்தக் கணினியைத் தூக்கிப் போடலாம் என்று.
இங்கே எதையும் தூக்கிப் போட இடமில்லை.
மருத்துவ நிலையத்தின் பின்னறையில்
ஆக்சிஜன் உருளைக்கும்
யாரோ மறந்துபோன ஒற்றைப் பூட்ஸுக்கும் நடுவே
நிமிர்த்தி வைத்தேன்.
லினக்ஸ் ஏற்றினேன். விசிறி இருமியது.
"இதற்கும் மருந்து எழுதட்டுமா?" என்றாள் பிரித்தே,
டென்மார்க்கிலிருந்து ஆறு வாரத்துக்கு வந்த செவிலி.

இத்தொக்கொர்தூர்மீத்.
எங்கள் ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் சொல்பவர்கள்
ஊருக்குள் முந்நூற்றுச் சொச்சம் பேர்.
உலகத்தின் பெயர்களைச் சொல்ல
எங்களுக்கும் மூச்சு வாங்குகிறது.
கணினிக்குப் பெயர் பத்தாது, எண் வேண்டும்.
எண்ணைக் கேட்க
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறி இறங்கி
வேரைக் கேட்டால் அது கிளையைக் கைகாட்டும்,
கிளையைக் கேட்டால் காம்பை.
ஒவ்வொரு கைகாட்டலுக்கும்
இன்னொரு முறை வானம்.
பிரித்தே திறப்பது ஒரே ஒரு மருந்துப் பட்டியல்;
அந்தப் பக்கமோ தன் பங்குக்குப்
பதினான்கு பேரை விசாரிக்கிறது.
குழந்தை இருமிக்கொண்டே இருக்கிறது.

இருப்பு வைப்பது எங்களுக்குப் புதிதா என்ன?
கடல் உறைபனியை விட்டுக்கொடுக்கும் சில வாரங்களில்
இரண்டே கப்பல்.
மாவு, டீசல், ஆணி, டயப்பர்,
எவளோ ஒருத்தியின் கல்யாண ரிப்பன் உட்பட
ஒரு வருஷத்தை ஒரே மூச்சில் இறக்கி அடுக்குகிறோம்.
ஒரு முறை கேட்டதை மறுமுறை கேட்கக்
கோபன்ஹேகன்வரை போவானேன்?

இரவு பதினொன்று. சேவை எழ மறுத்தது.
இருபத்து மூன்றாம் வரியில், அடைப்புக்கு முன்னால்
ஓர் அரைப்புள்ளி இல்லையாம்.
வைத்தேன்.
முதல் கேள்வி: இரண்டாயிரத்து நூற்று நான்கு மில்லி வினாடி.
அதே கேள்வி மறுபடி: பூஜ்யம்.
மறுபடியும் கேட்டேன், தேவையே இல்லாமல்.
பூஜ்யம்.
யாருக்கும் காட்ட முடியாத சிரிப்பொன்று
ஆக்சிஜன் உருளைகளைப் பார்த்து வந்தது.

ஒவ்வொரு பதிலுக்கும் ஆயுள் உண்டு, வினாடிகளில்.
அனுப்புகிறவரே எழுதி அனுப்புவார்:
முந்நூறு, மூவாயிரத்து அறுநூறு, ஒரு முழுநாள்.
ஆயுள் முடிந்த பதிலை என்ன செய்வது?
கடையில் பவ்லினே
தேதி தாண்டிய தயிருக்கு
மஞ்சள் சீட்டு ஒட்டிப் பாதி விலை போடுவாள்.
யாரும் செத்ததில்லை.
அதைப் பார்த்துத்தான் அந்த வரியைச் சேர்த்தேன்:
இணைப்பு அறுந்தால் பழையதையே கொடு.

மார்ச்சில் அறுந்தது.
காற்று அலைவாங்கித் தட்டின் முகத்தைத்
திருப்பிவிட்டுப் போயிற்று.
இரண்டு நாள் எங்களுக்கு வானமே இல்லை.
பிரித்தே திரையைக் காட்டினாள்.
போன வருஷமாக இருந்தால்
'அப்படியோர் இடம் இல்லை' என்றிருக்கும்.
இப்போது வாசகம் வேறு:
'பதில் வரத் தாமதமாகிறது.'
"இரண்டும் ஒன்றுதானே," என்று
அலமாரியிலிருந்த காகிதப் பட்டியலை எடுத்துப் புரட்டினாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் தம்பி யோஸ்வாவின் விலாசம் என்னிடம் இருக்கிறது.
ஆல்போர்க்கில் எந்தத் தெரு, எத்தனையாவது மாடி,
மாடிப்படியில் விளக்கு எரியாது என்பதுவரை.
மூன்று வருஷமாக மணி அடிக்கிறது,
அடித்து ஓய்கிறது.
அம்மாவிடம் ஒரு தடவை 'இல்லை' என்று சொல்லிவிட்டேன்.
அதையே அவள் இன்றுவரை
எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிரவு கோப்பை மறுபடி திறந்தேன்.
இந்த நிரல் 'இல்லை'யையும் சேமித்து வைக்கும்.
விட்டால் மூன்று மணி நேரம்,
போய் விசாரிக்காமலே
இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.
அதன் ஆயுளை அறுபது வினாடி ஆக்கினேன்.
மறக்காமல்
அரைப்புள்ளி வைத்தேன்.