கையெழுத்து

சல்லிக் கடற்கரையில் பந்தல்.
ஐஸ் அறை திறக்க அமைச்சர் வருகிறார்.
வெள்ளைச் சேர்ட், மல்லிகை மாலை;
நடை மட்டும் இன்னும் அணிவகுப்பில்.

மேடை ஏறுமுன் கடலைப் பார்த்தார்,
படகுகளை எண்ணுகிறவர்போல.
அதில் அவர் கோடு கிழித்த வருசம்
ஐந்து குதிரைவலு எஞ்சினோடு
இந்தப் பக்கமே
சூடை பொறுக்கினோம்.
புவிராசனின் வள்ளம்
எந்தப் பக்கம் நின்றதென்று
கச்சேரியில் இன்னும் ஒரு கோப்பு கிடக்கிறது.

மானியக் கடிதம் கைக்கு வந்தது.
பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பழைய பாஸை
எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன்.
பதவி வேறு, முத்திரை வேறு.
கடைசி எழுத்தின் வால் மட்டும்
அதேபோல இழுபட்டுத்
தாளைவிட்டு வெளியே போகிறது.

"வணக்கம் சரியாகச் சொன்னார், என்ன?"
என்றாள் இதயராணி.
நானும் கைதட்டினேன்.
ஐஸ் நல்ல ஐஸ்.