கொப்புளம்

தீர்ப்பாய மேசைமேல் கோட்டு கிடந்தது,
கைகளைக் கட்டிக்கொண்டு.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி என்றார் மிஸ்டர் ஊய்.
என் டோபிக் கடைக்கு வந்தபோது நன்றாயிருந்ததாம்,
திரும்பியபோது மார்பில் கொப்புளமாம்.

கொப்புளம் உண்மைதான்.
இடது மார்பில், பொத்தானுக்கு ஒரு சாண் மேலே,
எண்ணெயில் இறங்கிய அப்பளத்தின் முதல் நொடிபோல
நான்கு, இல்லை, ஐந்து.

புவான் நொர்ஸாலினா கேட்டார்:
உங்கள் இயந்திரமா, இல்லையா,
ஒரே வார்த்தையில்.

ஒரே வார்த்தையில் சொல்ல
இது என்ன கைக்குட்டையா?

பொத்தான் துளைக்குக் கீழே இப்படிக் கிள்ளுங்கள், புவான்.
மேல்துணி ஒரு விரலுக்கு வரும்,
மடிப்புத்துணி மறு விரலுக்கு.
நடுவே மூன்றாவதாக ஒன்று நழுவவேண்டும்,
பலாச்சுளைக்கும் கொட்டைக்கும் நடுவில் வழுக்குமே ஒரு தோல்,
அதுபோல.
அதுதான் குதிரைமுடி கலந்த கேன்வாஸ்.
போடுகிறவனின் நெஞ்சை மெல்ல மெல்லப் படித்துக்கொள்ளும்.

கிள்ளினார். நகத்தால் இன்னொரு முறை.
"எதுவும் நழுவவில்லையே."

நழுவாது. இது பசை.
சூட்டில் ஒட்டிய துணி.
ரசீதில் மட்டும் முழு கேன்வாஸ்
என்று தைரியமாக எழுதியிருக்கிறார்கள்.
பசை பிடிக்காத இடத்தில் காற்று குடியிருக்கும்.
என் நீராவி கதவைத் தட்டியது, ஒப்புக்கொள்கிறேன்.
உள்ளே இருந்தவன் எனக்கு முன்பே அங்கே இருந்தவன்.

இன்னும் சொன்னேன், யாரும் கேட்காமலே.
முதுகின் கோடுகள் காலரில் ஏறும்போது
ஒரு நூல் விலகுகின்றன.
பை மூடியின் கட்டமும் உடம்பின் கட்டமும்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்.
மடிப்போரம் ஓடும் இந்தப் புள்ளித்தையல் இருக்கிறதே,
கைத்தையல் வேஷம் போட்ட இயந்திரம்:
எல்லாப் புள்ளியும் ஒரே நீளம், ஒரே ஆழம்.
கை அப்படி ஓடாது.
நடுவில் தும்மும். தே தாரிக் குடிக்கப் போய்வரும்.

மகள் பட்டமளிப்புக்குப் போட்ட கோட்டு என்றார் ஊய்,
காது சிவந்து.
படத்தில் நன்றாகத்தான் விழுந்திருக்கும், ஐயா.
கேமரா கிள்ளிப் பார்ப்பதில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
வழக்கு என் பக்கம் சாய்ந்தாயிற்று.
ஆனால் பழக்கதோஷம், விரல்கள்
உள்துணியின் அடியில் வலது தோளுக்குப் போய்விட்டன.

அங்கே ஒரு கை இருந்தது.

யாரோ தோள்தையலைப் பிரித்து
மறுபடி வைத்திருந்தார்கள்.
மிஞ்சிய துணியை ஒரு சுருக்கம் தெரியாமல்
அந்த அரைவட்டத்துக்கு ஊட்டியிருந்தார்கள்.
பட்டுநூல். வளைவில் நெருங்கி, கீழே தளர்ந்து,
ஓரிடத்தில் தடுமாறி, மறுபடி நடந்து.
இடதைவிட வலது கை
அரை அங்குலம் முன்னே தொங்கியது.

"ஐயா என்ன வேலை?"
"பல் டாக்டர். ஜெலுத்தோங்கில், முப்பது வருஷம்."

வலது தோள் முன்னால் சரிந்த மனிதர்.
அந்தப் பசைக்கடையில் யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள்.
பார்த்ததற்குச் சம்பளம் கூடியிருக்காது.

இதையும் சொன்னேன்.
புவானின் பேனா நின்றது.
"அப்படியானால் கோட்டு நல்லதா, கெட்டதா?"
நெஞ்சு கெட்டது. தோள் நல்லது.
அவர் மலாயில் பசை என்று மட்டும் எழுதினார்.
பாரத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.

மாடிப்படியில் ஊய் என்னை எட்டிப் பிடித்தார்.
கோபமில்லை. கோட்டைப் போட்டிருந்தார்,
கொம்தார் கொதிக்கும் பன்னிரண்டு மணிக்கு.
வலது கையைத் தூக்கினார்,
யாருடைய கடைவாய்ப் பல்லையோ தேடுவதுபோல.
காலர் கழுத்தைவிட்டு அசையவில்லை.
"வீட்டில் இன்னும் மூன்று கோட்டு இருக்கிறது,
எப்போதும் இதைத்தான் எடுப்பேன்" என்றார்.

அந்த ஆள் யார் என்று கேட்டார்.
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
கடைப்பெயர். தொலைபேசி. பணம் திருப்பித் தரப்படமாட்டாது.

கொப்புளத்தை உள்ளங்கையால் அழுத்திவிட்டு
அவர் படியிறங்கினார்.
மூன்றாம் படியில்
அது மறுபடி எழுந்தது.