ஒரு கோடு, இரண்டு கோடு

வியாழனே பறிக்கலாம் என்றாள் க்ளோத்தில்ட்.
திங்கள்வரை பொறு, புளிப்பு இறங்கட்டும் என்றார் கஸ்பார்.
தொண்ணூற்றாறு செப்டம்பர்,
மார்ன் ஆற்றுச் சரிவில்
நாலு ஏக்கர் திராட்சை.
அவள் பாதியை அவள் பறித்தாள்,
இவர் பாதியை இவர்.
அதோடு நின்றது அண்ணன் தங்கை பேச்சு.

பிறகு உப்பு ஜாடிகூட
என் வழியாகத்தான் போய்வந்தது.
"டிராக்டரில் டீசல் இல்லையாம், சொல்லிவிடு" என்பாள்,
எதிர் நாற்காலியில் அவர் இருக்கும்போதே.
நானும் சொன்னேன்.

கீழே சுண்ணக்கல் நிலவறையில்
கழுத்தில் வண்டலோடு தலைகீழாக நின்றது
அந்த வருடத்து ஷாம்பேன்.
அவளுடையதற்கு ஒரு கோடு,
இவருடையதற்கு இரண்டு, சாக்பீஸால்.
வெடித்தது போக, விற்றது போக
மிச்சம் பதினொரு புட்டி.

நேற்று ப்ரஸ்ஸல்ஸிலிருந்து ஒருவர் கேட்டார்:
தொண்ணூற்றாறு இருக்கிறதா?
மூவரும் இறங்கினோம்.
டார்ச் அடித்தால்
எல்லாக் கோட்டையும் ஈரம் நக்கியிருக்கிறது.

கஸ்பார் ஒன்றைச் சாய்த்து மூடியைத் தட்டினார்.
வண்டல் சுவரில் போய்த் தெறித்தது.
கோப்பையில் பழம்பித்தளை நிறம்,
அவசரமே இல்லாத குமிழ்கள்.
வறுத்த வால்நட் வாசனை. அப்புறம்
நாக்கோரத்தில் இன்னும் விடாத அந்தப் புளிப்பு.

"உன்னுடையதா?"
என்னைப் பார்க்காமல் கேட்டார்.
அவள் கோப்பையை நீட்டினாள்:
"இன்னும் கொஞ்சம் ஊற்று, சொல்கிறேன்."

ப்ரஸ்ஸல்ஸ்காரருக்கு இன்று காலை எழுதினேன்,
எட்டுதான் இருக்கிறதென்று.