எழுபத்து மூன்றாம் பக்கத்து உப்பு

வீரசிகாமணி அண்ணனுக்கு,
மெய்ப்பு நேற்று மதுரை பஸ்ஸில் வந்து சேர்ந்தது.
எழுபத்து மூன்றாம் பக்கத்தில்
உப்பு இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு காலிப் பெட்டியும் மூன்று எழுத்தும்.

உங்கள் பிழை இல்லை.
கொப்டிக் எழுத்துகள் கணினியில் கொஞ்ச காலம்
கிரேக்கத்தோடு ஒண்டுக்குடித்தனம்.
பாகம் பிரித்துத் தனிமனை கொடுத்தபோது
மற்றவை எல்லாம் சட்டிபானையோடு கிளம்பிவிட்டன.
ஏழு மட்டும்,
எகிப்தின் பழைய கையெழுத்திலிருந்து வந்த ஏழு,
அந்த வீட்டிலேயே தங்கிவிட்டன.
உப்பின் முதலெழுத்து அந்த ஏழில் ஒன்று.
பாதி எழுத்துருக்களுக்குப் புது விலாசம் மட்டும்தான் தெரியும்.

கடன் வாங்கிய எழுத்தில் சொந்தச் சத்தம் அடங்காமல் போவதைக்
கீழக்கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம்.
அரபு எழுத்தின் அடியில் ஒரு புள்ளி கூட்டி
ழகரத்தைக் கப்பலேற்றிய ஊர்.
கிரேக்கம் வாங்கியவர்களிடம் ஷகர எழுத்து இல்லை, ஹகர எழுத்து இல்லை.
ஹகரம் இல்லாமல் அவர்கள்
கடைக்குப் போய் உப்பே கேட்க முடியாது.

பதினோரு எழுத்துரு இறக்கிப் பார்த்தேன்.
ஒன்று ஆங்கிலத்துக்குக் கொப்டிக் வேஷம் கட்டியிருந்தது;
வேஷம் கலைந்தால் உள்ளே வெறும் எஸ்ஸும் க்யூவும்.
நாமும் அப்படித் தமிழ் அடித்துத்தானே
பழைய கோப்புகளைத் தொலைத்தோம்.
இன்னொன்று அவ்வளவு அழகு,
வலம்புரி வளைவு ஒவ்வொன்றிலும்.
ஒரு அந்தி முழுக்க
வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மீனில் தோற்றுவிட்டது.

மீனுக்கு அந்த மொழியில்
த, ப, த. உயிரெழுத்தே கிடையாது.
கடைசி இரண்டின் தலைக்கு மேல் ஒரே கோடு.
பானை ஓட்டில் எழுதியவள்
கையெடுக்காமல் இழுத்திருக்கிறாள்.
என் அழகி அதை இரண்டு துண்டாக அறுத்தாள்.
அறுந்த நரம்பில் எந்த மீன் நிற்கும்?

நம் புள்ளி மெய்யிலிருந்து உயிரை எடுத்துவிடும்.
அந்தக் கோடு
கொஞ்சம் மூச்சைக் கொடுக்கும்.
விரலுக்கு இந்த இலக்கணமெல்லாம் தெரியாது.
தமிழ்99இல் புள்ளி இருக்கும் எஃப் விசையிலேயே
கோட்டையும் வைத்தேன்.
இடது ஆட்காட்டி விரல்
ஏன் என்று கேட்கவில்லை.

ஷகரத்துக்குத்தான் இரண்டு நாள்.
சத்தத்தைப் பார்த்தால் எஸ்.
மொபைல் கடை இர்பான் எட்டிப் பார்த்து,
"வால் முளைத்த டபிள்யூ மச்சி" என்றான்.
டபிள்யூவில் வைத்துவிட்டேன்.
எச் விசை கடல்காத்தில் பூத்துப்போய்
ஹகரத்தை அழுத்தினால் ஆறு விழுகிறது;
பல் துலக்கும் பிரஷ்ஷால் அவன்தான் சுரண்டிக் கொடுத்தான்.

ஓட்டில் இருப்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை:
உப்பு அனுப்பினேன், மீன் வரவில்லை,
நீ ஏன் ஒரு வரி எழுதவில்லை.
பெயர் இருந்த மூலை உடைந்திருக்கிறது.
மிச்சமுள்ள மூன்று எழுத்தின் கீழே நான் வைத்த புள்ளிகளை
அழுக்கு என்று துடைத்துவிட்டீர்கள்.
அவை ஐயப்புள்ளிகள் அண்ணா.
எனக்கு உறுதியில்லை என்பதும்
அச்சில் வர வேண்டும்.

தேர்ந்த எழுத்துரு பென்டிரைவில் இருக்கிறது.
பார்க்கச் சுமார்தான்,
முனிசிபாலிட்டி ரசீது மாதிரி.
ஆனால் கோடு சேர்கிறது.
கீழே புள்ளி வைத்தால் மேலே எதுவும் சாய்வதில்லை.
ஏழும் உண்டு. எனக்கு ஆறு போதும்,
ஏழாவது வடக்கு வட்டாரத்தாருடையது, இருந்துவிட்டுப் போகட்டும்.
முதலில் இதை அடித்துப் பாருங்கள்:

ϩⲙⲟⲩ

நான்கும் ஒரே உயரத்தில் நின்றால்
மிச்சத்தை நம்பலாம்.

பார்சலில் தொதல் வைத்திருக்கிறேன்.
அந்தப் பெட்டி காலி இல்லை.

இப்படிக்கு,
ஜைத்தூன் மரியம்

பி.கு: எண்பதாம் பக்கத்திலும் மீன் வருகிறது.