மக்காதது

மூன்று வருஷமாக நான் ஏற்காடு போகவில்லை.
சேகோ ஆலையில் எல்லோரும் வேன் பிடித்துக்
கோடை விழாவுக்குப் போவார்கள்.
ஒரு வருஷம் பல்வலி என்றேன்.
அடுத்த வருஷம் நாத்தனார் வீட்டில் காதுகுத்து.
அதற்கடுத்த வருஷம் யாரும் காரணம் கேட்கவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் டிரைவர் பிரேக் மிதிப்பார்.

தும்மல் வருமுன்னே காலைப் பின்னிக்கொள்வேன்.
கருநீலம் தவிர வேறு சேலை எடுப்பதில்லை.
தண்ணீர், தொண்டை நனைகிற அளவு.
கூட வேலை செய்யும் செல்லக்கிளி
எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள்;
அந்த நாட்களில் நான் அதிகம் வெறுத்தது அவளைத்தான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ரெஹானா
சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்:
ஒரு பை, ஒரு குழாய்,
குழாய்க்குக் கீழே தூளி மாதிரி ஒரு கோடு.
"ஒரு விரல் அகலத்துக்கு நாடா. இருமும்போது தாங்கிப் பிடிக்கும்."
நாடா என்றதும் உள்பாவாடைதான் ஞாபகம் வந்தது.
உருவிப்போனதை ஊக்கில் மாட்டி
மடிப்புக்குள் நெளித்து நெளித்து
மறுவாயில் எடுப்போமே.
"கிட்டத்தட்ட அதேதான்" என்றார், சிரிக்காமல்.
எதில் செய்தது என்று கேட்டேன்.
"பாலிப்ரொப்பிலீன்."

எனக்குத் தெரிந்த பெயர்.
ஜவ்வரிசி மூட்டைக்கு வாய் தைக்கிறேனே,
பதினொரு வருஷமாக
அந்தச் சாக்கின் மூலையில் இருக்கிற எழுத்து.
தொண்ணூறு கிலோ தாங்கும்.

"பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாமா?"
"முழுசாக எடுப்பது கஷ்டம். கண்ணிகளுக்குள் சதை வளர்ந்துவிடும்."
அதை மறைக்காமல் சொன்னதால் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் பெருமாயி, தாரமங்கலம்.
எங்கோ எப்போதோ வைத்த நாடா
உள்ளே அரித்து எட்டிப் பார்க்கிறதாம்,
வெட்டியெடுக்க வந்திருந்தாள்.
"எனக்கு முந்தி வீட்டுக்காரருக்குத்தான் தெரிஞ்சுது,
குத்துதுன்னாரு."
இருவரும் சிரித்தோம்.
எனக்கு நனைந்தது.
அவளுக்கு வலித்தது.

இந்த மே மாதம் வேனில் ஜன்னலோரம் எனக்கு.
அடிவாரச் சோதனைச்சாவடியில்
காக்கிச் சட்டைப் பெண் ஒருத்தி ஏறினாள்.
"கவர், பாட்டில், பிளாஸ்டிக் எதுவானாலும்
இங்கேயே குடுத்துடுங்க. மேலே கொண்டுபோகக் கூடாது."
செல்லக்கிளி முறுக்கை மடியில் கொட்டிக்கொண்டு
கவரைக் கொடுத்தாள்.
"உங்ககிட்டம்மா?"
இல்லை என்றேன்.

அப்புறம் தொடங்கியது சிரிப்பு.
அடக்க அடக்க வந்தது.
என்னடி என்னடி என்று செல்லக்கிளி உலுக்க,
முதல் வளைவு, மூன்றாவது, ஏழாவது,
பிரேக்குக்குப் பிரேக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.
சேலை காய்ந்தே இருந்தது.
மஞ்சள் சேலை.

ஏரிக்கரையில் இரண்டு தொட்டி வைத்திருக்கிறார்கள்,
மக்கும் குப்பை, மக்காத குப்பை.
சற்று நேரம் அங்கே நின்றேன்.
எங்களில் புதைப்பதுதான் வழக்கம்.
எலும்பும் மண்ணான பிறகு
ஒரு விரல் அகலத்துக்கு நாடா மட்டும் கிடக்கும்,
தாங்குவதற்கு எதுவும் இல்லாமல்.

மாதம் ஒருமுறை பெருமாயிக்குப் போன் போடுகிறேன்.
நல்லாயிருக்கியா என்று கேட்கமாட்டாள்.
"குத்துதா?" என்பாள்.
இதுவரைக்கும் இல்லை.

படகுக்குச் சீட்டு வாங்கிவிட்டுச் செல்லக்கிளி கத்துகிறாள்.
கடையில் தண்ணீர் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது,
விலை அதிகம்.
ஒன்று வாங்கி, நின்ற இடத்திலேயே
அண்ணாந்து
முழுசும் குடித்தேன்.