விடும் நேரம்

ஆரம்பாக்கம் தாண்டியதும்
செல்பேசி தெலுங்கில் வரவேற்கிறது.
இரவு ஷிப்ட் பேருந்தில் பதினொரு பேர்.
பத்துப் பேர் டயர் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி.
தடாவில் ஆய்வகத்துக்கு இறங்குவது
நான் ஒருத்திதான்.

எந்திரத்துக்கு ரசீதில் நீளமான பெயர்.
எட்டு மூக்கால் குனிந்து குனிந்து
உறிஞ்சுவதைப் பார்த்து
நான் கொக்கு என்றேன்,
பெஞ்சலய்யா கொங்க என்றான்.
இரண்டுக்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.
காத்திருக்கவும் தெரியாத கொக்கு,
எட்டு விநாடிக்கு ஒரு குத்து.

ஒரு தட்டில் முந்நூற்று எண்பத்து நான்கு குழிகள்.
எல்லாவற்றிலும் ஒரே புரதம்:
வெள்ளைப்புள்ளி வைரஸ்
இறாலைத் தொட்டுப் பிடிக்க நீட்டும் கை.
குழிக்குக் குழி வேறு மூலக்கூறு.
எது அந்தக் கையை முந்திப் பிடிக்கிறது?
பிடித்தால் ஒளி கூடும்.
அவ்வளவுதான் வேலை,
ஒரு ராத்திரிக்கு நாற்பது தட்டு.

மீன்வளத்துறை தமிழில் அறிக்கை கேட்டபோது
'பற்று' என்று எழுதச் சொன்னார் மேடம்.
கும்மிடிப்பூண்டி மளிகைக்கடையில்
என் பெயரில் ஓடும் நோட்டிலும் பற்றுதான்,
மாதம் ஏற ஏறக் கூடும்.
இங்கே தலைகீழ்.
எண் சிறுத்தால் பிடி பெருசு.
ஒரு நானோமோலார் என்றால் உடும்பு.
பத்தாயிரம் என்றால்
பக்கத்து இருக்கைக்காரி தூக்கத்தில்
என் தோளில் சாய்ந்து, பள்ளம் வந்ததும்
நிமிர்ந்துகொள்வாளே, அது.

செவ்வாய் இரவு.
இருநூற்றுப் பதின்மூன்றாம் தட்டு,
எச் வரிசை, பதினொன்றாம் குழி.
திரையில் பச்சைக் கட்டம்.
யாரையும் கேட்காமல்
கொக்கு மேடத்துக்கு அஞ்சல் அனுப்பிவிட்டது,
அவர் ஹைதராபாத்துக்கு,
அவர்கள் இன்னும் எங்கேயோ.
விடிவதற்குள் ஆறு பேர் வாழ்த்தியாயிற்று,
எங்கள் இருவரைத் தவிர எல்லாரையும்.

பெஞ்சலய்யா திரையை முறைத்துவிட்டு
"ஒக்க சுக்க சப்பு வேத்தாமா?" என்றான்.
சோப்புத்தண்ணீர், ஒரு துளி.
விட்டோம்.
பிடி போயிற்று.
மூலக்கூறு தனக்குள்ளேயே கட்டிகட்டியாய்த் திரண்டு
அகப்பட்டதையெல்லாம் அப்பியிருக்கிறது.
முட்டை வெள்ளைக்கருவைக் கொடுத்தோம், ஒட்டியது.
பால்புரதம், அதிலும்.
தேர்தல் மாதத்துக் கைகுலுக்கல்.

பச்சையை அழிக்கக் கொக்குக்குத் தெரியாது.
அதற்கு ஒரு படிவம், மனிதர் நிரப்ப வேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில்
'சோப்பு' என்று எழுதினேன்.

அதே தட்டில் சி வரிசை, நான்காம் குழி.
கொக்கு 'பிழை' என்று சிவப்படித்துத் தாண்டியது.
குனிந்து பார்த்தேன்,
காற்றுக்குமிழி, கடுகளவு.
கையாலேயே மறுபடி ஊற்றினேன்.
கட்டைவிரல் மூன்று மணிக்கு நடுங்கும்,
ஒரு தரம் சிந்தியது, அதை எங்கும் எழுதவில்லை.

வந்து உட்கார்கிற வேகம் ஒரு எண்,
எழுந்து போகிற வேகம் இன்னொன்று.
கழுவக் கழுவக் கோடு இறங்கியது,
ஆனால் மெல்ல,
செருப்பை மாட்டிய பிறகும்
வாசலில் நின்று பேசுகிறவர்கள் மாதிரி.
நாற்பத்தொரு விநாடி.
சோப்பு விட்டும் நாற்பத்தொன்று.
பெஞ்சலய்யா விரலில் எண்ணிப் பார்த்தான்,
எந்திரத்தை நம்பாமல் இல்லை, சும்மா.

ஆறு மணிக்கு கேட்டில் மஸ்தானய்யா.
இரண்டு ஏக்கர் இறால் குட்டை,
இந்த வருஷம் மூன்றாம் தடவை.
ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார்.
ஓட்டுக்கடியில் வெள்ளைப் புள்ளிகள்,
யாரோ சுண்ணாம்பு விரலால் எண்ணி வைத்ததுபோல.

"தொரிகிந்தா?"

கிடைத்ததா என்கிறார்.
நாற்பத்தொரு விநாடியை வைத்துக்கொண்டு
ஒரு குட்டையை எப்படிக் காப்பது?
கொக்கின் கணக்கில் சி-நான்கு இன்னும் பிழை.
மேடம் எழுந்திருக்க ஒன்பதாகும்.

"கொஞ்சம்" என்றேன்.
அந்தச் சொல்
செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அவர் பெட்டியை என் கையில் கொடுத்தார்.
அடியில் ஓட்டை போல,
ஐஸ் தண்ணீர் என் சுடிதார் நுனிவரை.
பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.